இரண்டு முழ இடமும் சலவை யந்திரமும்

கார்த்திகை மாதத்து அடைமழை. நான்கு நாட்களாகச் சூரியன் சென்னைப் பட்டணத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுக்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறோம். மின்சார விசிறிக்கு அடியில், நாற்காலிகளின் முதுகில், ஜன்னல் கம்பிகளில், கதவுகளின் தலையில், எங்கே பார்த்தாலும் ஈரத் துணி. கூடத்தில் நடக்க வேண்டுமானால் வேட்டிகளையும் புடவைகளையும் திரைச்சீலை போல் விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வீடெங்கும் ஒரு முடை வாடை. காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பையனின் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே உலர்த்திக்கொண்டிருக்கிறாள் ஒரு தாய்.

இது வேறு யாருடைய வீடும் அல்ல, நம்முடைய வீடுதான். நேயர்களில் பலருடைய வீடும் இதுதான் என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

நம் பாட்டிமார் காலத்தில் கிணற்றடி இருந்தது. துவைக்கும் கல் இருந்தது. கொல்லையில் கொடி கட்ட இரண்டு தென்னை மரங்கள் இருந்தன. இன்று கிணற்றடியும் கல்லும் கொல்லையும் சேர்ந்து, சமையலறைக்குப் பின்னால் மூன்றடி அகலமும் ஐந்தடி நீளமும் கொண்ட ஒரு சந்தாகச் சுருங்கிவிட்டன. கட்டடக்காரர்கள் அதற்கு ‘சர்வீஸ் ஏரியா’ என்று கௌரவமான பெயர் சூட்டியிருக்கிறார்கள். பாத்திரம் தேய்ப்பதும், துணி துவைப்பதும், துடைப்பம் சாத்துவதும் அங்கேதான். அந்த இரண்டு முழ அகலத்துக்குள் துணி துவைக்க ஒரு யந்திரமும், முடிந்தால் உலர்த்த ஒரு யந்திரமும் அமைக்க வேண்டும். அது எப்படி என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இதென்ன பிரமாத விஷயம் என்று நினைக்கும் ஆண் மக்கள் ஒரு வாரம் குடும்பத்துத் துணி முழுவதையும் கையால் துவைத்துப் பிழிந்து பார்க்கட்டும். அமெரிக்காவில் ஜேம்ஸ் கிங் என்பவர் உருளையுள்ள சலவை யந்திரம் ஒன்றுக்கு 1851-ல் காப்புரிமை பெற்றார். 1858-ல் ஹாமில்டன் ஸ்மித் என்பவர் சுழலும் யந்திரம் ஒன்றுக்குப் பெற்றார். துணி உலர்த்தும் கருவி ஒன்றுக்கு ஜார்ஜ் ஸாம்ப்ஸன் பெற்றது 1892-ல். இவ்வளவு பேர் இவ்வளவு காலம் மூளையைச் செலவழித்தார்கள் என்றால், இந்த வேலையின் சுமை எத்தகையது என்பது விளங்கும். ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010-ல் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். தம் வீட்டுக்கு முதன்முதலாகச் சலவை யந்திரம் வந்த அன்று, வாழ்நாளெல்லாம் கையால் துவைத்த தம் பாட்டி அதன் முன்னால் உட்கார்ந்து, அது சுற்றி முடியும் வரையில் கண்கொட்டாமல் பார்த்திருந்ததை அதில் வர்ணித்தார். மிச்சமான பொழுதில் தாயார் தம்மை நூலகத்துக்கு அழைத்துப் போனார் என்றும் சொன்னார். சலவை யந்திரம் தருவது வெளுத்த துணி மட்டுமல்ல. அது தரும் பெரிய செல்வம் பொழுது.

முதலில் அளவு, பிறகு ஆசை

நாம் செய்த தவறு ஒன்றை இங்கே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பண்டிகைக் காலத்துத் தள்ளுபடியில் மயங்கி, முன்புறம் கதவுள்ள அழகான யந்திரம் ஒன்றை வாங்கினோம். கடைக்காரர் அதன் அகலம் 60 சென்டிமீட்டர் என்றார். நம் வீட்டுச் சந்தின் அகலம் 91 சென்டிமீட்டர். கணக்குச் சரியாகத்தான் தோன்றியது. இரண்டு ஆட்கள் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கி வந்து, குழாயும் மின்சாரப் பிளக்கும் இருந்த நீளச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போனார்கள். யந்திரம் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அதன் வாயைத் திறக்க முடியவில்லை!

யந்திரத்தின் ஆழம் 60 சென்டிமீட்டர். பின்னால் குழாய்கள் வளைய இன்னும் 8. எதிர்ச் சுவருக்கு மிஞ்சியது 23 சென்டிமீட்டர். வட்டக் கதவு முழுதும் திறக்க அதைவிட அதிக இடம் வேண்டும். துணியை உள்ளே போட ஒரு மனிதர் நிற்கவும் வேண்டும். யானையை வாங்கிவிட்டோம், அது படுக்க இடமிருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, தும்பிக்கையை நீட்ட இடமிருக்கிறதா என்று பார்க்கவில்லை. கடைசியில் பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் அழைத்து, குழாயையும் பிளக்கையும் சந்தின் கோடிக்கு மாற்றி, யந்திரத்தை நீளவாட்டில் பார்க்கும்படி திருப்பினோம். இப்போது அதன் முன்னால் 84 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. தள்ளுபடியில் மிச்சமான பணம் தண்ணீர்க் குழாய் வழியாகவே போய்விட்டது.

ஆகையால் கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுங்கள். இடத்தின் நீளம், அகலம், உயரம் மட்டும் போதாது. தெருக் கதவு, சமையலறைக் கதவு, மாடிப்படித் திருப்பம், லிப்டின் வாய் எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள். யந்திரத்தின் ஆழத்தோடு குழாய்க்காக 8 அல்லது 10 சென்டிமீட்டர் சேருங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். பிறகு பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்கு வெட்டித் தரையில் விரித்து, ஒருநாள் முழுவதும் அதைச் சுற்றி நடமாடிப் பாருங்கள். செலவில்லாத பரீட்சை இது. இடம் மிகக் குறைவானால், 40 முதல் 45 சென்டிமீட்டர் ஆழமே உள்ள ஒல்லியான யந்திரங்களும் கிடைக்கின்றன. அவற்றில் கொள்ளளவு சற்றுக் குறையும்.

முன் வாயா, மேல் வாயா?

சந்தையில் உள்ள யந்திரங்கள் மூன்று ஜாதி. முதலாவது, துவைக்க ஒரு தொட்டியும் பிழிய ஒரு தொட்டியுமாக இரட்டைத் தொட்டி உள்ளது. விலை குறைவு, எடை குறைவு, குழாயில் தண்ணீர் வராத நாளில் வாளியால் ஊற்றியும் துவைக்கலாம். ஆனால் ஈரத் துணியை ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்கு நம் கையால்தான் மாற்ற வேண்டும். இரட்டைத் தொட்டியாதலால் அகலமும் அதிகம்.

இரண்டாவது, மேலே மூடியுள்ளது. குனிய வேண்டாம், பாதியில் நிறுத்தி, மறந்துபோன கைக்குட்டையைப் போடலாம். ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்கும். ஒரு தடவைக்கு 100 லிட்டருக்கு மேலும் ஆகலாம். மூடியைத் திறந்து நிறுத்த மேலே ஒன்றரை அடியாவது வெறுமையாக இருக்க வேண்டும். எனவே அதன் தலைமேல் அலமாரியோ வேறு யந்திரமோ வைக்க இயலாது.

மூன்றாவது, முன்புறம் கதவுள்ளது. துணியைக் கசக்காமல் உருட்டி உருட்டித் துவைக்கும். அநேகமாக 50 முதல் 70 லிட்டர் தண்ணீரில் வேலையை முடித்துவிடும். உள்ளேயே சூடேற்றும் கம்பி இருப்பதால் வெந்நீரில் துவைக்கலாம். தலைமேல் இடம் மிச்சம். குறைகளும் உண்டு: விலை அதிகம், ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரமும் ஆகலாம், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். வேலை முடிந்ததும் வளையத்தைத் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வைப்பது ஒன்றே அதற்கு மருந்து.

2019 ஜூன் மாதத்தில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு தடவைக்கு 50 லிட்டர் மிச்சம் என்பது லேசான காரியமல்ல.

தண்ணீரின் குணம்

யந்திரத்தை வாங்குமுன் வீட்டுத் தண்ணீரைப் பற்றி இரண்டு விஷயங்கள் அறிய வேண்டும்.

ஒன்று, அதன் வேகம். மொட்டை மாடித் தொட்டிக்கும் நம் குழாய்க்கும் இடையே 10 மீட்டர் உயரம் இருந்தால் தண்ணீரின் அழுத்தம் சுமார் 1 பார் இருக்கும். பல யந்திரங்கள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் கேட்கின்றன. அதாவது 3 முதல் 5 மீட்டர் உயரம். கீழ் மாடிக்காரர்களுக்குக் கவலையில்லை. கடைசி மாடியில் இருப்பவர்களுக்கோ தொட்டி தலைக்குமேல் 3 மீட்டரில்தான் இருக்கும். யந்திரம் தண்ணீருக்காகக் காத்துக் காத்துப் பிழை காட்டி நின்றுவிடும். குற்றம் யந்திரத்தின் மேல் விழும். அத்தகைய வீட்டில் அழுத்தம் கூட்டும் சிறு பம்பு ஒன்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் யந்திரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

மற்றொன்று, அதன் கடுமை. ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையில் இருக்கலாம் என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரையில் பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு கூறுகிறது. கடின ஜலத்தில் சோப்பு நுரைக்காது. வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகும். சூடேற்றும் கம்பியின் மேல் சுண்ணாம்பு படிந்து, அது நாளடைவில் எரிந்துபோகும். மாதம் ஒரு முறை, துணி இல்லாமல், எலுமிச்சை உப்பைப் போட்டு வெந்நீரில் யந்திரத்தை ஓட்டினால் படிவு கரையும். தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சிறு சல்லடையையும் கழற்றிக் கழுவுங்கள். மெக்கானிக்கை அழைக்கும் செலவு பாதி குறையும்.

உலர்த்தும் வித்தை

இனி, கார்த்திகை மாதத்துப் பிரச்னைக்கு வருவோம்.

துணியிலிருந்து ஈரத்தைப் போக்க இரண்டு வழிகள்தான் உண்டு: பிழிவது, ஆவியாக்குவது. முன்னதற்குச் செலவு சொற்பம், பின்னதற்கு அதிகம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான உஷ்ணம் வேண்டும். இது இயற்கையின் சட்டம், இதில் தள்ளுபடி கிடையாது. ஐந்து கிலோ பருத்தித் துணியை நிமிஷத்துக்கு 800 சுற்று வேகத்தில் பிழிந்தால் அதில் மூன்றரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் தங்கும். 1,400 சுற்றில் பிழிந்தால் இரண்டரை லிட்டர்தான். ஆகவே சலவை யந்திரம் வாங்கும்போதே நன்றாகப் பிழியும் யந்திரமாகப் பார்த்து வாங்குவது உலர்த்தும் வேலையில் பாதி. மழைக் காலத்திலும், வேகமாகப் பிழிந்த துணி விசிறிக் காற்றில் ஓரிரவில் காய்ந்துவிடக் கூடும். பட்டையும் மெல்லிய துணிகளையும் மட்டும் இந்த வேகத்தில் சுற்ற விடாதீர்கள்.

அதுவும் போதாதவர்களுக்குத்தான் உலர்த்தும் யந்திரம். ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளும் வகை விலை மலிவு. ஆனால் நான்கு அங்குலக் குழாயை வெளிச்சுவர் வழியாக விட வேண்டும். இரண்டாவது வகை, ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கி ஒரு தட்டில் சேர்க்கும். சுவரில் துளை வேண்டாம், ஆனால் மின்சாரம் நிறையத் தின்று, அறையையும் சூடாக்கும். மூன்றாவது வகை ‘ஹீட் பம்ப்’ எனப்படுவது. செலவழித்த உஷ்ணத்தையே திரும்பப் பிடித்து மறுபடியும் உபயோகிக்கும் சாமர்த்தியம் உடையது. சாதாரண யந்திரம் தின்னும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியே இதற்குப் போதும். துணியும் அதிகச் சூட்டில் வேகாது. ஆனால் விலை அதிகம். நேரமும் கூட ஆகும். காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் இதை அடைத்து வைக்கக் கூடாது.

துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே பெட்டியில் நடக்கும் யந்திரமும் உண்டு. சிறிய இடத்துக்கு இதுவே தெய்வம் அனுப்பிய வரம் என்று முதலில் தோன்றும். ஆனால் எட்டுக் கிலோ துவைக்கும் யந்திரம் ஐந்து கிலோதான் உலர்த்தும். துவைத்ததில் பாதியை எடுத்துவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும். முழு வேலையும் முடிய ஐந்தாறு மணி நேரம் பிடிக்கலாம். இவற்றுள் பல, ஆவியைக் குளிர்விக்கவும் குழாய்த் தண்ணீரைச் செலவழிக்கின்றன. ஒன்று பழுதானால் இரண்டும் நின்றுவிடும். இரண்டு பேர் மட்டும் உள்ள சிறு குடும்பத்துக்கு இது பொருந்தலாம். குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு நாம் சிபாரிசு செய்யோம்.

தனி உலர்த்தி வாங்குவோர் அதைச் சலவை யந்திரத்தின் மேல் அடுக்கலாம். ஒருபோதும் கீழே வைக்கக் கூடாது. அதே கம்பெனி தரும் இணைப்புச் சட்டம் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அடுக்கினால் அதிர்ச்சியில் மேலுள்ளது நழுவி விழும். இரண்டும் சேர்ந்தால் உயரம் ஏறக்குறைய ஐந்தேமுக்கால் அடி. மேல் யந்திரத்தின் பொத்தான்கள் வீட்டுப் பெண்களின் கைக்கு எட்டுமா என்று கடையிலேயே நிற்க வைத்துப் பாருங்கள்.

உலர்த்தியின் சல்லடையில் சேரும் பஞ்சுத் தூசியை ஒவ்வொரு தடவையும் எடுத்துவிட வேண்டும். இது சோம்பலுக்கு இடமில்லாத காரியம். அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையில் வீட்டு உலர்த்திகளால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நேர்ந்தன என்று அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. அவற்றுக்கு முதற் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டதே.

மின்சாரமும் எலியும்

சூடேற்றும் யந்திரம் 2,000 வாட் வரையில் மின்சாரம் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். சரியான எர்த் இணைப்பு வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியும் வேண்டும். தண்ணீர் சிதறும் இடத்தில் இது உயிர் விஷயம். நீட்டுப் பலகையில் செருகி ஓட்டுவது ஆபத்து. இரண்டு யந்திரங்களுக்கும் தனித்தனிப் பிளக் வைப்பதே முறை.

முன்கதவு யந்திரத்தின் உள்ளே, வழியில் ஆடாதிருக்க முதுகுப்புறம் திருகாணிகள் முடுக்கியிருப்பார்கள். அவற்றை அகற்றாமல் ஓட்டினால் யந்திரம் வீடெல்லாம் நடந்து வரும், உடைந்தும் போகும். அகற்றிய திருகாணிகளைப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறும்போது அவை மீண்டும் வேண்டும்.

நம் வீட்டு யந்திரம் ஒருநாள் காரணமின்றி நின்றது. மெக்கானிக் வந்து கவிழ்த்துப் பார்த்தார். அடிப்புறம் திறந்திருந்ததால் எலி நுழைந்து ஒயரைக் கடித்திருந்தது. அடியில் உலோகத் தகடோ வலையோ உள்ள யந்திரம் வாங்க வேண்டும் என்பதை நாம் எலியிடமிருந்து கற்றோம்.

எந்த யந்திரம் நீடித்து உழைக்கும்? பளபளப்பான விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். மோட்டாருக்குப் பத்து வருஷ உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். மின்னணுப் பலகைக்கும், பம்புக்கும், சூடேற்றும் கம்பிக்கும் எத்தனை வருஷம் என்று கேளுங்கள். உருளையின் பேரிங் தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா, அல்லது தொட்டி முழுவதையும் மாற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மாதிரி சந்தையை விட்டுப் போன பிறகும் குறைந்தது பத்து வருஷம் உதிரிப் பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதி 2021 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். உங்கள் பேட்டையில் பழுதுபார்க்கும் ஒருவரைக் கண்டு, எந்த யந்திரத்துக்கு அவருக்கு அடிக்கடி அழைப்பு வருகிறது, எதற்குப் பாகம் சுலபமாகக் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். கடைக்காரர் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அவருடைய ஐந்து நிமிஷப் பேச்சு பயன் தரும்.

குனியப் போவது யார்?

கடைசியாக ஒரு விஷயம். முன்கதவு யந்திரம் வாங்க நாம் தீர்மானித்தபோது, இவ்வளவு அளவுகளையும் கணக்குகளையும் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய் நம் தாயாரிடம் பெருமையுடன் படித்துக் காட்டினோம். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதானப்பா. துணியைப் போடவும் எடுக்கவும் குனியப் போவது யார்?” என்றார்.

நாம் திகைத்துப் போனோம். அவருக்கு முழங்கால் வளையாது. நம் மனைவியோ எட்டு மணிக்கே ஆபீசுக்குக் கிளம்ப வேண்டியவர். ஒரு முழ உயரமுள்ள மேடைமேல் யந்திரத்தை வைத்தால் குனிய வேண்டாம். ஆனால் பிற்பாடு அதன்மேல் உலர்த்தி வைக்க முடியாது. மேல் மூடி யந்திரம் வாங்கினால் அம்மாவின் முழங்காலுக்கு நல்லது. தண்ணீருக்கும் இடத்துக்கும் நல்லதல்ல. நாம் நாலு பக்கமும் அளந்தோமே தவிர, அந்தச் சந்தில் தினந்தோறும் நிற்கப் போகிறவரை அளக்கவில்லை.

அன்று முதல் நம் வீட்டில் ஓர் ஒப்பந்தம். யந்திரம் முன்கதவு உள்ளது; குனிகிறவர்கள் நாமும் நம் பையனும். வெயில் நாளில் துணியை மாடிக்குக் கொண்டுபோய் உலர்த்துவதும் நம் பொறுப்பு. சென்னையில் வருஷத்தில் பெரும் பகுதி சூரியன் கூலி வாங்காமல் அந்த வேலையைச் செய்கிறான். உலர்த்தி வாங்கச் சீட்டுப் பணம் சேர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் வந்துவிடும்.

துணியை மடித்து வைக்கும் யந்திரம் மட்டும் நம் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. அது வரும் வரையில், மாலையில் கூடத்தில் குவிந்திருக்கும் துணி மலையைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்து மடிக்கிறோம். அம்மா பழங்கதை சொல்கிறார். அந்த அரை மணி நேரத்தை எந்த யந்திரத்துக்கும் கொடுக்க நமக்கு மனமில்லை.